ஏடும் ஒலியும்: நேர்காணல் எழுத்துப்படிகள் குறித்து ஒரு மதிப்பீடு

தமிழ் நூற்பதிப்பு வரலாற்றிலே 1887ஆம் ஆண்டு சிறப்பாக நினைவிற் கொள்ளத்தக்கது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும், உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியையும் அச்சேற்றியது அவ்வாண்டிலேயாம். இருவரும் ஏட்டுச்சுவடி தேடி அலைந்த பெருமக்கள். ஒரு சுவடி கைக்கு வந்ததும் அமைந்துவிடாது, பிற சுவடிகளையும் வருவித்து ஒப்புநோக்கிய பின்னரே பாடத்தைத் துணிந்தனர். அங்ஙனம் செய்ய வேண்டியிருந்தமைக்குக் காரணம் உண்டு. ஏட்டிலே மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகரமும் ஏகாரமும் ஒன்றுபோலவே எழுதப்படும். ஒகரமும் ஓகாரமும் அவ்வாறே. காலும் ரகரமும் ஒரே வடிவின. ஆகவே ஏட்டை வாசிப்பவன் ஒவ்வோர் அடியிலும் இதுவோ அதுவோ என ஒரு தீர்ப்பு வழங்கியே மேற்செல்லல் வேண்டும். தாம் வழங்குவது தீர்ப்பே என்பதை உணர்ந்தமையாலேதான் நல்ல பதிப்பாசிரியர் பாடவேறுபாடுகளையும் அடியிற் குறித்தனர்; நூல் அச்சாகிய பின்னரும் ஏட்டைப் பேணினர். ஐயர் தேடிச் சேர்த்த சுவடிகள் சென்னையில் 1943ஆம் ஆண்டில் அவர் பெயராலே தோன்றிய நூல்நிலையத்திலே இன்றும் காக்கப்படுகின்றன.

இக்காலத்திலே பிறிதொரு வகைப் பதிப்பு வேலை ஊர்தோறும் நடைபெறுகின்றது. ஆய்வாளர் ஒருவர் கைத்தொலைபேசியையோ ஒலிப்பதிவுக் கருவியையோ முன்வைத்து முதியோரை வினாவுகின்றார். அவர் கூறுவது ஒலிக்கோப்பாகச் சேமிக்கப்படுகின்றது. பின்னர் ஒருவர் அதனைக் கேட்டுக் கேட்டு எழுத்தாக்குகின்றார். அவ்வெழுத்துப்படியே ஆய்வேட்டிலும் அறிக்கையிலும் சான்றாக நிற்கின்றது. ஒலியைக் கேட்டு எழுதுவதும் ஏட்டைப் படித்து எழுதுவதும் இயல்பால் ஒன்றே. ஆயினும் இதனைச் செய்வோருட் பலர் இதனை ஒரு பதிப்பாகக் கருதுவதில்லை; தட்டச்சு வேலையாகவே கருதுகின்றனர். இவ்வெண்ணத்தினின்றும் இரண்டு கேடுகள் பிறக்கின்றன. ஒன்று, பேசியவர் சொல் திருத்தப்பட்டு மறைதல். மற்றையது, எழுத்துப்படி முடிந்ததும் ஒலி கேட்பாரற்று அழிதல். அம்பாறைக் கரையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்விரண்டும் ஈண்டு ஆராயப்படுகின்றன.

கல்முனையிலிருந்து தெற்கே பொத்துவில் வரை நீளும் கடற்கரையிலே தமிழூரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. 1961ஆம் ஆண்டு வரை இப்பகுதி மட்டக்களப்பு மாவட்டத்துள் அடங்கியிருந்தது. திருக்கோவிலுக்கும் பொத்துவிலுக்கும் இடையே, பெருந்தெருவோரத்தில், ஒரு புறம் கடலும் மறு புறம் வயலுமாகக் கிடக்கும் சிற்றூர் கோமாரி. ஆய்வாளர் இக்கரையை நாடி வருதல் புதிதன்று. வித்துவான் வீ. சீ. கந்தையா இந்நிலத்தின் வழக்காறுகளையும் கவிகளையும் தொகுத்து ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என்னும் நூலை 1964இல் வெளியிட்டார். செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில் 1966இல் எழுதிய கட்டுரையொன்றில், தமிழ்ப் பேச்சு வழக்குகளுள் எழுத்து வழக்கிற்கு மிக நெருங்கியது மட்டக்களப்புத் தமிழே என்னும் கருத்தை வெளியிட்டார். அமெரிக்க மானிடவியலாளர் தெனிஸ் மெக்கில்வ்ரே 1969இல் அக்கரைப்பற்றிலே களப்பணியைத் தொடங்கினார். தாய்வழிக் குடிமுறை தமிழரிடையும் முஸ்லிம்களிடையும் வழங்குமாற்றை விரித்துரைக்கும் அவரது பெருநூல் 2008இல் வெளிவந்தது. 2004 திசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலையில் இலங்கையிலே மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறையே. கோமாரியும் அன்று அழிவுற்ற ஊர்களுள் ஒன்று. அதன் பின்னர் ஒலிப்பதிவுக் கருவியுடன் வந்தோர் பலர். முப்பதாண்டுக் காலப் போர் 2009இல் முடிந்ததும் காணாமற் போனோர் பற்றியும் இழந்த நிலம் பற்றியும் வினாவ மேலும் பலர் வந்தனர். எனவே இக்கரை மாந்தரின் குரல் எழுத்தாகும் வகை நூலறிவோர்க்கு மட்டும் உரிய பொருளன்று; உறவை இழந்தவர் தம் சாட்சியமும் அதனுள் அடங்கும்.

முதலிலே சொற் திருத்தத்தை நோக்கலாம். சுவெலபில் கூறிய நெருக்கமே ஒருவாற்றான் தீமையாகவும் முடிகின்றது. பேச்சு எழுத்து வழக்கிற்கு அண்மையில் நிற்றலின், சிறிதே திருத்தினாற் செந்தமிழாகிவிடும் என்ற துணிவு எழுதுவோர்க்கு எளிதில் உண்டாகின்றது. ‘மறுகா’ என்பது ‘பின்னர்’ ஆகின்றது. ‘அண்டைக்கு’ என்பது ‘அன்று’ ஆகின்றது. மகனே என்னும் பொருளில் வரும் ‘மனே’ என்ற விளியும், வாக்கிய இறுதியில் நின்று அன்பு காட்டும் ‘கா’ என்ற இடைச்சொல்லும் பயனில் சொற்களென நீக்கப்படுகின்றன. வினாவியவனை மூதாட்டி மகனாகக் கொண்டு பேசினாளா, அரச அலுவலனாகக் கருதி அஞ்சிப் பேசினாளா என்பதை அறிவிக்கும் சொற்கள் அவையே. அவை நீங்கிய எழுத்துப்படியிலே எல்லோரும் ஒரே குரலில், நீதிமன்ற மனுவின் நடையில், பேசுகின்றனர். ‘வாப்பா மௌத்தான வருசம்’ என்பது ‘தந்தை இறந்த ஆண்டு’ என மாறுமிடத்துப் பேசியவர் எவ்வூரவர் என்பதும் தோன்றாது. இரு சமூகத்தார்க்கும் பொதுவான சொற்களுக்கும் இதே கதிதான். ‘வட்டை’ என்பது வெறும் வயலன்று. ஒரே நீர்ப்பாய்ச்சலுக்கு உட்பட்டு, வட்டவிதானை ஒருவரின் மேற்பார்வையில் நடக்கும் வயற்பரப்பு முழுவதையும் அச்சொல் சுட்டும். அதனை ‘வயல்’ என்று எழுதுபவர் ஒரு சொல்லை மாற்றினாரல்லர். ஓர் ஆட்சிமுறையையே மறைத்தார்.

இம்மறைவு எத்துணைப் பெரிய பிழையில் முடியக்கூடும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு அமையும். கோமாரியிலே ஒரு மூதாட்டி, “சூடு வெச்ச அண்டைக்குப் போனவருதான் மனே, மறுகா வரல்ல” என்று கூறினாள் எனக் கொள்க. அறுத்த கதிர்க்கட்டுகளைச் சேர்த்துக் குவித்த போருக்குச் ‘சூடு’ என்பது இந்நிலத்துப் பெயர். பிறவூரிலிருந்து வந்து, போரைப் பற்றிய கேள்விகளையே காதில் நிறைத்துக்கொண்டு கேட்பவர் அதனை, “துப்பாக்கிச்சூடு நடந்த அன்று சென்றவர் பின்னர் திரும்பவில்லை” என எழுதிவிடுதல் கூடும். மூதாட்டி தந்தது ஒரு காலக்குறிப்பு. பெரும்போக அறுவடை நாள், ஏறத்தாழ மாசி பங்குனி. எழுத்துப்படி தருவதோ அவள் கூறாத ஒரு நிகழ்ச்சி. காலக்குறிப்பு மறைந்தது, நடவாத துப்பாக்கிச்சூடு ஒன்று சான்றேறிற்று. இனி ஒருவர் இச்சாட்சியத்தை வேறு சாட்சியங்களோடு ஒப்பிட்டு, முரண்படுகின்றது, ஆகவே நம்பத்தகாதது என்று தள்ளினால், அப்பழி கணவனை இழந்தவள்மீதே விழும். ஒலிக்கோப்பு இருக்குமாயின் அறிந்தவர் ஒருவர் கேட்டுத் திருத்தலாம். அது அழிந்திருக்குமாயின் திருத்துதற்கு வழி யாது?

மனிதர் செய்யும் பிழைக்குப் பொறியின் பிழையும் இப்போது சேர்ந்துள்ளது. பேச்சைத் தானே எழுத்தாக்கும் மென்பொருள்கள் பல வந்துவிட்டன. 2022இல் ஓப்பன் ஏ.ஐ. நிறுவனம் வெளியிட்ட ‘விஸ்பர்’ அவற்றுள் ஒன்று, தமிழையும் எழுதவல்லது. ஐந்தாறு மணிநேர உழைப்பைச் சில நிமிடங்களில் முடித்துத் தரும் கருவியை வேண்டாவென ஒதுக்குதல் அறிவுடைமையாகாது. ஆயினும் அதன் இயல்பை அறிந்தே கையாளல் வேண்டும். இத்தகைய பொறி தான் பயின்ற பேச்சிலே மிகுதியாக வந்த சொல்லை நோக்கியே சாயும். களத்திலே நெல்லைப் ‘பொலி’ என்று மங்கல மொழியாற் குறிப்பது இந்நிலத்து வழக்கு. அச்சொல்லைக் கேட்டறியாத பொறி ‘போலி’ என்று எழுதினால் வியப்பில்லை. ஏட்டிலே ஒகர ஓகாரங்கள் மயங்கிய மயக்கமே மீண்டும் வந்து நிற்கின்றது. ஆனால் ஏடு மயக்கத்தை மயக்கமாகவே காட்டிற்று; பொறியோ ஐயமேதும் காட்டாது ஒன்றைத் துணிந்து எழுதிவிடுகின்றது. இதனினும் அச்சம் தருவது, பேசாததைப் பேசியதாக எழுதுதல். 2024இல் வெளியான ஓர் ஆய்வு, விஸ்பர் எழுதிய ஆங்கில ஒலித்துண்டுகளுள் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றில், ஒலியில் இல்லாத தொடர்கள் புகுந்திருந்தமையைக் கண்டது. பேச்சுக் குறைபாடு உடையோர் பதிவுகளில் அது மிகுதியாயிருந்தது. நெடிய மௌனங்கள் அதற்கு ஏதுவாகலாம் என்றும் அவ்வாய்வாளர் கருதினர். கடல்கொண்ட பிள்ளையின் பெயரைச் சொல்லிவிட்டு ஒரு தாய் பேசாதிருக்கும் இடத்திலே, பொறி தானே ஒரு வாக்கியம் இட்டு நிரப்புமாயின் அதனினும் பெரிய பொய்ச்சான்று வேறில்லை. பொறி எழுதியது முதல் வரைவாகலாம். ஊர்வழக்கு அறிந்தவர் ஒலியோடு ஒப்பிட்டுத் திருத்தும் வரை அது சான்றாகாது.

இனி ஒலி அழிதலை நோக்குக. கெடுநோக்கம் இன்றியே, நாள்தோறும் செய்யும் சிறு கவனக்குறைவுகளாலேயே பெரும்பாலும் ஒலி அழிகின்றது. கைத்தொலைபேசி தானாக இடும் ‘ஒலிப்பதிவு 17’ என்ற பெயருடனேயே கோப்பு கிடக்கும். யார் பேசியது, எவ்வூரில், எந்நாளில் என்பது பதிவு செய்தவர் நினைவிலே மட்டும் இருக்கும். எழுத்துப்படிகளோ ‘இறுதி’, ‘இறுதி 2’, ‘உண்மையான இறுதி’ எனப் பெருகும். கோப்பின் பெயரிலே ஊர்க்குறி, ஆண்டு மாதம் நாள் என்ற வரிசையில் திகதி, பேசியவருக்குரிய எண், பகுதி எண் ஆகிய நான்கும் இருந்தாற் போதும். ஆண்டை முதலில் இட்டால் கணினி காலமுறையிலே தானே அடுக்கிக்கொள்ளும். பேசியவர் பெயரைக் கோப்பின் பெயரில் இடுதல் ஆகாது. எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் தனியே, பூட்டப்பட்டு, இருத்தல் வேண்டும்.

இடமில்லை என்று கூறி ஒலியைச் சுருக்கி வைப்போர் உளர். கணக்கிட்டுப் பார்த்தால் இக்காரணம் நில்லாது. நொடிக்கு 48,000 மாதிரி, 24 துணுக்கு என்ற அளவில், ஒற்றை வழியிற் பதிந்த ஒரு மணிநேரப் பேச்சு, சுருக்காத ‘வேவ்’ வடிவிலே ஏறத்தாழ 520 மெகாபைட்டு கொள்ளும். அதனையே நொடிக்கு 128 கிலோபிட்டு அளவிலான எம்.பி.3 ஆகச் சுருக்கினால் 58 மெகாபைட்டு. நாற்பது மணிநேர நேர்காணல் முழுவதையும் சுருக்காது வைப்பினும் 21 கிகாபைட்டே ஆகும். சட்டைப்பையில் அடங்கும் சிறு நினைவகம் ஒன்றே அதற்குப் போதும். சுருக்கத்திலே இழந்த ஒலியோ மீண்டும் வாராது. செய்திச் செயலிகளின் வழியே குரற்செய்தியாக அனுப்பிப் பெற்ற பதிவும் சுருங்கிய பதிவே. கோமாரி போன்ற கரையூர்ப் பதிவிலே காற்றும் அலையும் இரைதல் இயல்பு. அவ்விரைச்சலை நீக்கும் வசதி ‘ஓடாசிட்டி’ என்னும் இலவச மென்பொருளில் உண்டு. மிகுதியாக நீக்கினால் சகர தகரங்களின் ஒலியும் உடன் தேய்ந்துபோம். எனவே அவ்வேலையைப் படியொன்றிலேயே செய்க, மூலத்தைத் தொடாதிருக்க. அம்மென்பொருளில் ‘சேமி’ என்றால் தனக்குரிய செயற்றிட்டக் கோப்பையே அது சேமிக்கும். 2021இல் வந்த 3.0 பதிப்புக்கு முன் அச்செயற்றிட்டம் ஒரு சிறு கோப்பும் பல துண்டுகள் நிறைந்த ஒரு கோப்புறையுமாகப் பிரிந்து கிடந்தது. சிறு கோப்பை மட்டும் நகல் எடுத்துச் செல்பவர் வெறும் ஓட்டையே எடுத்துச் செல்வார். ஒலி பழைய கணினியிலேயே நின்றுவிடும்.

எழுத்தையும் ஒலியையும் இணைத்தே வைக்கும் கருவிகளும் உள்ளன. நெதர்லாந்தின் நைமேகன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் மொழியுளவியல் நிறுவனம் ஆக்கிய ‘ஈலான்’ என்னும் இலவச மென்பொருள் அவற்றுள் சிறந்தது. எழுதிய ஒவ்வொரு தொடரும் ஒலியின் எந்நொடியிலே தொடங்கி எந்நொடியிலே முடிகின்றது என்பதை அது குறித்துக்கொள்ளும். தொடரைச் சுட்டினால் அவ்விடத்து ஒலி கேட்கும். ஒன்றன்கீழ் ஒன்றாகப் பல நிரைகள் அமைக்கலாம். முதல் நிரையிலே பேசியவாறே பேச்சு, இரண்டாவதிலே செந்தமிழ், மூன்றாவதிலே மொழிபெயர்ப்பு, நான்காவதிலே ஐயக்குறிப்பு. இது நம்மவர்க்குப் புதிய முறையன்று. மூலமும் உரையும் பாடவேறுபாடும் ஒரே பக்கத்தில் நிற்கும் பழம் பதிப்பின் அமைப்பே இது. ஆனால் ஒன்றை மறத்தலாகாது. ஈலானின் கோப்பிலே எழுத்து மட்டுமே உண்டு. ஒலிக்கோப்பு இருக்கும் இடத்தை அது சுட்டி நிற்கும். ஒலிக்கோப்பின் பெயரை மாற்றினாலோ இடத்தை மாற்றினாலோ அத்தொடர்பு அறும். ஆதலின் இரண்டையும் ஒரே கோப்புறையில் வைத்து, முதலிலேயே பெயரிட்டு, பின்னர் மாற்றாதிருத்தல் நன்று.

எழுத்துருவும் ஒரு பொறியாகும். ஒருங்குறியிலே 1991ஆம் ஆண்டிலேயே தமிழ் இடம்பெற்றதாயினும், அதன் பின்னரும் இலங்கையிலே பாமினி முதலிய எழுத்துருக்களில் தட்டச்சுச் செய்தல் நெடுங்காலம் பரவியிருந்தது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்புகள் பொருளற்ற உரோம எழுத்துக் கூட்டமாகவே தோன்றும். அவற்றுள் ஒரு தமிழ்ச் சொல்லைத் தமிழிலே தட்டித் தேடவும் இயலாது. பழைய எழுத்துப்படி வைத்திருப்போர் அவற்றை ஒருங்குறிக்கு மாற்றி, ஒருமுறை ஒப்புநோக்கி வைத்தல் கடன்.

இவற்றுக்கெல்லாம் எதிராக வலிய ஒரு தடை எழுப்பப்படும். குரல் என்பது பெயரினும் துல்லியமாக ஆளைக் காட்டிவிடும். போரும் வன்முறையும் நிகழ்ந்த நிலத்திலே ஒலியைப் பேணுதல் பேசியவருக்குத் தீங்காகாதா? ஒலியை அழித்துப் பெயர் நீக்கிய எழுத்துப்படியை மட்டும் வைத்தலே அறம் என்பர் ஒரு சாரார். இத்தடையிலே உண்மை உண்டு. அழிப்பதாக வாக்களித்துப் பெற்ற ஒலியை அழித்தே ஆகவேண்டும். ஆய்வின் நன்மை கருதியும் அவ்வாக்கை மீறலாகாது. ஆயின் பேசியவரிடம் வினாவாமலே, அவர் அஞ்சுவார் எனத் தாமாகக் கருதி அழிப்பது அறமாகாது. பதிவு செய்யப்படலாமா, பேணப்படலாமா, யார் கேட்கலாம், எவ்வளவு காலம் பூட்டி வைக்கவேண்டும் என நான்கு வினாக்களைத் தனித்தனியே கேட்டு விடைபெறல் வேண்டும். தன் கணவன் பற்றிய சொல்லைத் தன் பேரப்பிள்ளைகள் கேட்கவேண்டும் என்று விரும்பும் மூதாட்டியும் இருப்பாள். பேச்சு முடிந்த அன்றே அழிக்கச் சொல்பவளும் இருப்பாள். தீர்ப்பு அவர்களுடையது. பேண இசைந்தவர் குரலைக் காக்க இடமும் இல்லாமலில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தைச் சார்ந்து, ஒலி ஒளி ஆவணங்களுக்கென ‘ஆவணகம்’ என்னும் தளம் நடைபெறுகின்றது. தனி ஒருவர் வீட்டிலும் மூன்று படிகள், இரு வேறு சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேறோர் ஊரில் என்ற எளிய விதியைக் கைக்கொள்ளலாம். கரையூரில் இருக்கும் ஒரே பெட்டியிலே எல்லாப் படியும் இருத்தல் எத்தகைய ஆபத்து என்பதை 2004 கற்பித்துவிட்டது.

இக்கரையிலே, கல்முனைக்கு அண்மையிலுள்ள காரைதீவிலே, 1892இல் பிறந்தவர் சுவாமி விபுலாநந்தர். பண்டைத் தமிழர் மீட்டிய யாழ் மறைந்தது, அதன் ஒலி மறைந்தது, எஞ்சியவை சொற்களே. அச்சொற்களைக் கொண்டு, நரம்புகளின் அளவையும் சுருதிகளின் கணக்கையும் பல்லாண்டு ஆராய்ந்து, இழந்த இசையின் இலக்கணத்தை மீட்க அவர் முயன்றார். ‘யாழ் நூல்’ 1947இல் அரங்கேறிற்று. அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார். ஒலி போனபின் சொல்லிலிருந்து ஒலியைத் தேடுதல் எத்துணை அரிய உழைப்பு என்பதற்கு அந்நூலே சான்று. இன்றோ ஒலி கையில் உண்டு. விடுமுறையிலே பாட்டியிடம் கதை கேட்கும் மாணவனும், இறுதியாண்டு ஆய்வேட்டுக்காகக் களம் செல்லும் பட்டதாரி மாணவியும், ஊர் வரலாறு தொகுக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் அதனைப் பிடித்துவைக்கும் கருவியைச் சட்டைப்பையிலே கொண்டு திரிகின்றனர். அவர்கள் எழுதும் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒலிக்கோப்பின் பெயர், எழுதியவர் பெயர், ஒப்புநோக்கியவர் பெயர் ஆகிய மூன்றும் இருக்கட்டும். ஐயுற்ற இடத்திலே ஐயக்குறி இருக்கட்டும். பேசியவர் கூறியவாறே ஒரு நிரையேனும் இருக்கட்டும். அடுத்த தலைமுறை ஆய்வாளன் ‘சூடு’ என்ற சொல்லிலே ஐயுற்று நிற்கும்போது, மூதாட்டியின் குரலையே கேட்டு அதனைத் தெளிந்துகொள்வான்.